அழகரத்தினம் வெட்டிய காட்சி

சட்டையின் இரண்டாவது பொத்தானைப் பிடித்து, நூல் தளரும்வரை திருகி, வெடுக்கென்று பிடுங்கிக் கைக்குள் பொத்திக்கொண்டு, அழகரத்தினம் அன்று காலையும் வீதியைக் கடந்தார். எதிரே தவமலரின் தையல்கடை. வழக்கமாக "பொத்தான் கழண்டு போச்சு" என்பார். அவள் நிமிராமலே கையை நீட்டுவாள். தைத்து முடியும்வரை பனியனோடு வாசலில் நின்று, பஸ் என்ற ஒன்றை அப்போதுதான் முதன்முதலாகக் காண்கிறவர் போல வீதியைப் பார்ப்பார். பிறகு "சரி, வாறன்." அவ்வளவுதான். ஆரையம்பதியில் இவருக்கு உதிர்வதுபோல் வேறு எவருக்கும் பொத்தான் உதிர்வதில்லை.

ஆள் வீடியோக்காரர். நாற்பது தாண்டியும் தனிக்கட்டை. கல்யாண வீடியோவில் மாப்பிள்ளையையும் பொம்பிளையையும் தாமரைப்பூவுக்குள்ளிருந்து வரவைப்பதில் கெட்டிக்காரர். "பொம்பிளைட கையப் பிடிங்க தம்பி, என்ன வெக்கம்" என்று எந்த மாப்பிள்ளையையும் அதட்டுவார். அந்தத் துணிச்சல் எல்லாம் கெமராவுக்குப் பின்னால் நிற்கும்போதுதான்.

சுனாமி தவமலரின் தாயையும் வீட்டையும் கொண்டுபோனது. தாயின் படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அக்காவின் கல்யாணக் கசெட் மட்டும் அழகரத்தினத்தின் கடை அலுமாரியில் இருந்தது. அதில் தாய் நிறைகுடத்தைத் தள்ளி வைத்துவிட்டு, கெமராவைக் கண்டு வாயைப் பொத்திச் சிரிப்பார். அழகரத்தினம் அந்தக் கசெட்டைத் தவமலரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அவள் அழுது ஓய்ந்து, "பெரிய உதவி, அழகண்ணன்" என்றாள். அதற்குப் பிறகு எந்த முகத்தோடு கேட்பது? தாயின் முகத்தைக் கொடுத்துவிட்டு மகளைக் கேட்கிறான் என்று ஊர் சொல்லாதா? வாயை மூடிக்கொண்டார், பொத்தானைப் பிடுங்கத் தொடங்கினார்.

நாட்டில் சண்டை முடிந்த மறுவருடம், கெமராவைத் தூக்கினால் சோதனைச்சாவடியில் விளக்கம் சொல்லவேண்டிய கெடுபிடி கொஞ்சம் தணிந்திருந்தபோது, வந்தாறுமூலைக் கெம்பஸில் படிக்கிற பிள்ளைகள் குறும்படம் எடுக்க வந்தார்கள். படப்பிடிப்பும் எடிட்டிங்கும் அழகரத்தினம். தையல்காரியாகத் தவமலரே நடித்தாள். பொத்தானைத் தானே பிடுங்கிக்கொண்டு அவளிடம் வந்து வந்து, பேசாமல் திரும்பிப் போகிறவனாகச் செங்கலடி வாத்தியார் யோகராசா. கதையைக் கேட்டதும் அழகரத்தினத்துக்குக் காது சுட்டது. இந்தப் பொல்லாத பிள்ளைகள் எங்கோ நின்று தன்னைப் பார்த்திருக்கிறார்கள் என்று நினைத்தார்.

பொறாமை என்றால் கொஞ்சநஞ்சப் பொறாமை இல்லை. தன் பொத்தான், தன் வாசல், தன் மௌனம், எல்லாவற்றையும் அந்தச் சுருட்டைமுடி யோகராசா எடுத்துக்கொண்டு நின்றான். அவனுக்குப் பொத்தானைப் பிடுங்கக்கூடத் தெரியவில்லை, கத்தரிக்கோல் கேட்டான். கடைசிக் காட்சி வாவிக்கரையில். "பொத்தான் தானாக் கழரல்ல, நான்தான் பிடுங்கின" என்று யோகராசா சொல்ல, தவமலர் தலைகுனிந்து சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை அழகரத்தினம் அவளிடம் கண்டதே இல்லை.

எடிட்டிங்கில் பழிவாங்கினார். முதலில் சுருட்டைமுடி போனது. பிறகு முகம் போனது. முதுகும் ஒரு கையும்தான் மிஞ்சின. கடைசியில் வாவிக்கரைக் காட்சியையே தூக்கி எறிந்துவிட்டு, "வெளிச்சம் காணாது தம்பி, படம் உடைஞ்சு போச்சு" என்றார். பிள்ளைகள் நம்பினார்கள். படத்தில் அந்த மனிதன் கடைசிவரை வாய் திறக்காமலே போனான்.

பள்ளிக்கூட மண்டபத்தில் படம் போட்டபோது சனம் மூக்கை உறிஞ்சியது. முன்வரிசையில் யோகராசாவின் முகம் தொங்கிப்போனதைக் கண்டு அழகரத்தினத்துக்கு மனம் குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சியோடுதான் மறுநாள் காலை பொத்தானைப் பிடுங்கிக்கொண்டு இப்படி வந்து நிற்கிறார்.

தவமலர் இன்று கையை நீட்டவில்லை. நிமிர்ந்து பார்த்தாள்.

"கடைசிச் சீன ஏன் வெட்டின நீங்க?"

"வெளிச்சம் காணாது."

"வெளிச்சம் நல்லாத்தான் இருந்த. அந்தக் கதைய பிள்ளைகளுக்கு நான்தான் சொன்னன். கடைசில அந்தாள் வாய் திறக்கவேணும் எண்டும் நான்தான் சொன்னன். அதப் பாத்தாவது உங்களுக்குப் பேச்சு வரும் எண்டு நினைச்சன்."

அழகரத்தினம் "அந்த வாத்தியார்..." என்று இழுத்தார்.

"அவருக்கென்ன, அவர் நடிச்சவர்." துணியை மடித்து வைத்தாள். "அக்கா கரடியனாத்தில மாப்பிள்ளை பாத்திரிக்கா. இவ்வளவு காலமும் சாட்டுச் சொல்லிட்டு இருந்தன். நேத்துப் படத்தப் பாத்தன். வெட்டினதுதான் உங்கட பதில் எண்டு விளங்கிட்டு. அக்காட்ட ஓம் எண்டுட்டன். ஆவணியில கல்யாணம்."

ஒரு பஸ் போனது. அழகரத்தினம் அதைப் பார்க்கவில்லை.

"வீடியோ நீங்கதான். ஒண்டையும் வெட்டிராதீங்க." பிறகுதான் வழக்கம்போலக் கையை நீட்டினாள். "தாங்க, தச்சித் தாறன்."

"ஓம்" என்றார், எதற்கு என்று சொல்லாமல். திறந்து கிடந்த சட்டையை ஒரு கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையில் பொத்தானைப் பொத்தியபடி வீதியைக் கடந்தார்.