நடுவில் ஓர் ஆள் நுழையும் இடம்

போன வாரம் எதையோ தேடி அலமாரியைக் குடைந்தபோது, கறுப்பு பிளாஸ்டிக் ஃபிலிம் டப்பா ஒன்று உருண்டு வந்தது. மூடியைத் திறந்து முகர்ந்தேன். புளிப்பும் மருந்தும் கலந்த அந்த வாசனை கொஞ்சம் மிச்சமிருந்தது. நீங்களும் ஃபிலிமில் படம் எடுத்தவராக இருந்தால், முகராமல் மூடியிருக்க மாட்டீர்கள். எனக்கு அந்த வாசனையின் பின்னாலேயே காயும் இறாலின் வாசனையும் வந்துவிடும். இரண்டும் பழவேற்காட்டில் ஒரே நாளில் சேர்ந்துகொண்டவை.

டப்பாவுக்குப் பின்னால் கேமராவும் இருந்தது. நான் நிருபராகச் சேர்ந்த புதிதில், ஒரு புகைப்படக்காரரிடமிருந்து கைமாறி வந்தது. அதற்கு முன் என்னிடம் இருந்தது சாதாரண ரேஞ்ச்ஃபைண்டர். ஜன்னலில் கண்ணை வைத்தால் நடுவில் எதுவும் இரண்டிரண்டாகத் தெரியும். லென்ஸ் வளையத்தை இடது கையால் திருகி ஒன்றாக்க வேண்டும், அப்போதுதான் படம் தெளிவாக விழும். புதியதும் ரேஞ்ச்ஃபைண்டர்தான், ஆனால் ஆட்டோ ஃபோகஸ். பொத்தானைப் பாதி அழுத்தினால் உள்ளே கொசு பறப்பதுபோல ஒரு சத்தம். நடுவில் இருப்பதன் தூரத்தைத் தானே அளந்துகொள்ளும். என் இடது கைக்குத் திடீரென்று வேலை போய்விட்டது. முதல் நாள் முழுக்க அது சட்டைப் பையைத் தடவிக்கொண்டிருந்தது.

இன்னொரு விசித்திரமும் உண்டு. இதில் நாம் பார்க்கும் ஜன்னல் வேறு, படம் பிடிக்கும் லென்ஸ் வேறு. அதனால் ஜன்னலில் எல்லாமே எப்போதும் தெளிவாகத் தெரியும். கேமரா உண்மையில் எதை அளந்தது என்பதற்கு ஒரே சாட்சி, ஜன்னலின் அடியில் தெரியும் தூரம். மீட்டரில் ஓர் எண். அவ்வளவுதான்.

ஏரியின் முகத்துவாரம் மணல் மூடிக்கிடப்பதைப் பற்றி எழுதப் போயிருந்தேன். (ஒரு பக்கம் எழுதினேன், ஒரு பத்தி வந்தது.) படகில் கூட்டிப்போய்க் காட்டியவர் எத்திராஜ். கரைக்குத் திரும்பியதும் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“சார், இன்னும் பத்து நாள்ல பஹ்ரைன் போறேன், மீன்புடி போட்ல வேலைக்கு. என்னையும் வூட்ல இருக்கறவளையும் சேத்து ஒண்ணு புடிச்சுக் குடுங்க. கல்யாண ஆல்பம் மழைத்தண்ணில ஊறி ஒட்டிக்கிச்சு. எடுத்துக்கினு போவ எங்கிட்ட ஒண்ணுமில்ல.”

மனைவி தேசம்மா புடவை மாற்றிப் பவுடர் போட்டு வந்து நின்றார். அருகில் இருந்த எத்திராஜின் அம்மா, “என்னப் புடிச்சுடாத நைனா” என்று முறத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் குடிசை வாசலுக்குப் போய், இறால் புடைக்க உட்கார்ந்தார். அங்கிருந்தே ஒரு குரல் வந்தது.

“டேய், இன்னாடா ஒட்டிக்கினு நிக்கிறீங்க? ஊரே பாக்குது!”

இருவரும் சட்டென்று விலகினார்கள். நடுவில் ஓர் ஆள் தாராளமாக நுழையலாம்.

“கொஞ்சம் நெருங்கி நில்லுங்க” என்றேன்.

தேசம்மா உதடு அசையாமல் சொன்னார்: “இப்டியே எடுங்க சார். நீங்க எடுத்துட்டுப் பூடுவீங்க. அப்புறம் நான்தான் பேச்சு கேக்கணும்.”

பொத்தானை அழுத்தினேன். கொசு பறந்தது. அடியில் ஏழு என்று காட்டியது. அவர்கள் என்னிடமிருந்து இரண்டு மீட்டர்கூட இல்லை. செய்தி எழுதுகிறவன், எண்ணைப் பார்த்தேன், படிக்கவில்லை. மெஷினுக்குத் தெரியாததா என்று இருந்துவிட்டேன்.

அன்றே கழுவக் கொடுத்திருக்கலாம். ரோலில் இன்னும் ஒன்பது படங்கள் பாக்கி. வீணாக்க மனமில்லை. காக்கைகளை எடுத்தேன், டீ கிளாஸை எடுத்தேன், அனுப்பம்பட்டு ஸ்டேஷனின் சிமென்ட் பெஞ்சை இரண்டு கோணத்தில் எடுத்தேன். பிரிண்ட் கைக்கு வந்தது பன்னிரண்டாம் நாள்.

காக்கையின் இறகுகளை எண்ணலாம், அத்தனை துல்லியம். எத்திராஜும் தேசம்மாவும் தண்ணீரில் கரைந்த சாயம்போல இருந்தார்கள். அவர்களுக்கு நடுவில், முறத்தில் கிடந்த இறால் முதல் மூக்குத்திக் கல் வரை, திட்டுவதற்குத் திறந்த வாயோடு, பளிச்சென்று அம்மா.

எடுத்துக்கொண்டு போனேன். எத்திராஜ் கிளம்பி இரண்டு நாள் ஆகியிருந்தது. தேசம்மா படத்தைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார், பிறகு வெடித்துச் சிரித்தார்.

“அத்த, இங்க வந்து பாரு. இதுலயும் நீதான் நடுவுல!”

மாமியார் படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். “அய்ய, எம்மூஞ்சியா இது? எம்புள்ள எங்கடி?”

“இந்தோ, இந்த நீலம்தான் உம்புள்ள.”

மூவரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும் தேசம்மா என்னைப் பார்க்காமல் சொன்னார்: “போற அன்னிக்குக் காலைலகூட, சார் வந்தாரானு கேட்டாரு.”

நெகட்டிவையும் அவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன். அதன்பின் பழவேற்காட்டில் செய்தி என்றால் வேறு யாரையாவது அனுப்பச் சொல்வேன். காரணம் யாரும் கேட்கவில்லை.

டப்பா உருண்டு வந்த அந்த ஞாயிற்றுக்கிழமையே கிளம்பினேன். கேமராவில் போட ஃபிலிம் கிடைக்கவில்லை. கையில் போன் மட்டும். குடிசை இருந்த இடத்தில் கான்கிரீட் வீடு. எத்திராஜ் ஊர் திரும்பி வெகுகாலமாகிறது. தலை முழுக்க நரைத்திருந்தார். சுவரில் மாலையோடு அம்மா. அதே படம்தான், பெரிதாக்கியிருந்தார்கள். முகத்துக்கு இருபுறமும் ஓரத்தில், ஒரு பக்கம் நீலமும் மறுபக்கம் ஆரஞ்சுமாகக் கலங்கிய இரண்டு பட்டைகள்.

“அத்த சாவுக்கு இவரால வர முடியல சார்” என்றார் தேசம்மா. “இந்தப் படத்ததான் அவருக்கு அனுப்பினேன். ரெண்டு பக்கமும் வெட்டிடவானு ஸ்டூடியோல கேட்டாங்க. வேணாம்னேன். நாங்களும் அதுல இருக்கம்ல?”

“அதத்தான் அங்க பஹ்ரைன் ரூம்ல மாட்டி வச்சிருந்தேன்” என்றார் எத்திராஜ். “சரி சார், இப்ப ஒண்ணு எடுங்க. இவ மூஞ்சி தெரியிற மாதிரி.”

காம்பவுண்டுக்கு வெளியே, அன்று நின்ற அதே இடத்தில் நின்றார்கள். எத்திராஜ் மனைவியின் தோளில் கைபோட்டு இழுத்துக்கொண்டார். தேசம்மா விலகவில்லை. நடுவில் ஒரு விரல்கூட நுழையாது. போன் இரண்டு முகங்களையும் தானே தேடிக் கட்டம் போட்டது. படிக்க எண் எதுவும் இல்லை, சத்தமும் இல்லை. நான் திரையைத் தொடப்போன நேரத்தில், தேசம்மா மட்டும் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்தார். அங்கே வெறும் காம்பவுண்ட் சுவர்தான் இருந்தது.