கடற்கரையில் எடுத்த நீளப் படம்

சாய்ந்தமருதில் கல்யாணப் படம் எடுக்கும் நௌஸாத், வைட் லென்ஸ் வாங்கிய பிறகு கமரா ஸ்டாண்டைத் தொடுவதேயில்லை. "என்ட கை ஆடாது" என்பான்.

மீனவர் சங்கத்தார் குழுப் படத்துக்காகக் கடற்கரையில் நீளமாக வரிசை கட்டினார்கள். ஒரே படத்தில் அடங்காததால், அவன் மெல்லத் திரும்பித் திரும்பிப் பல படங்களாக எடுத்தான். வீட்டில் கொம்பியூட்டரில் படங்களை ஒட்டிப் பார்த்தால், தலைவர் லத்தீப் ஹாஜியார் மூன்று இடத்தில் நிற்கிறார்! கமரா திரும்பிய பக்கமெல்லாம் அவரும் வரிசைக்குப் பின்னால் நகர்ந்து போயிருக்கிறார். கை ஆடிக் கோணலான ஓரங்களை வெட்டியதில், ஓரத்தில் நின்ற கரைவலைக்காரர் நாலு பேர் காணாமல் போனார்கள்.

வெட்கத்தோடு போய்க் காட்டி, "திரும்ப எடுப்பமா ஹாஜியார்?" என்றான்.

"என்னத்துக்குத் தம்பி? நல்லாத்தானே இரிக்கி."

"நாலு பேர் இல்லயே?"

"அவங்க கூட்டத்துக்கும் வாறல்ல."

படம் சங்கச் சுவரில் ஏறியது. நௌஸாத் அதன் கீழே தன் பெயரைப் பெரிதாகவே போட்டிருந்தான்.