கரி பஸ்ஸும் அத்தான் செய்த மூடியும்

சவரம் செய்யும்போது என் இடது கன்னத்தில் ஓரிடத்தில் கத்தி வேலையில்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். காதுக்கும் தாடைக்கும் நடுவே கையகலத் தோல் பளபளவென்று இருக்கிறது. அங்கே மயிர் முளைப்பதில்லை. பேரப்பிள்ளைகள் அதைத் தடவிப் பார்த்து, சண்டையில் பட்ட காயமா என்று கேட்பார்கள். ஒருவகையில் சண்டையில் பட்டதுதான். ஆனால் நான் எந்தப் படையிலும் இல்லை. யுத்த காலத்தில் சங்கரன்கோவிலிலிருந்து ராஜபாளையத்துக்கு பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். அந்த பஸ் பெட்ரோலில் ஓடவில்லை, அடுப்புக்கரியில் ஓடியது.

பெட்ரோலெல்லாம் ராணுவத்துக்குப் போய்க்கொண்டிருந்த நாட்கள் அவை. பஸ் முதலாளிகளுக்குக் கூப்பனில் கிடைத்த பெட்ரோல் வண்டியைக் கிளப்பக்கூடப் போதாது. பிறகு சர்க்கார் உத்தரவு வந்தது: கேஸ் பிளான்ட் மாட்டாத பஸ்ஸுக்குப் பெர்மிட் கிடையாது. அப்படித்தான் எங்கள் வண்டியின் முதுகில் ஆளுயர இரும்புப் பீப்பாய் ஒன்று ஏறி உட்கார்ந்தது. குருவிகுளம் பக்கத்திலிருந்து மாட்டு வண்டியில் வரும் உடைமரக் கரியை அதில் கொட்டி, அடியில் நெருப்பு வைத்து, காற்றாடியைக் கையால் சுற்றிச் சுற்றித் தோள் கழன்றபின், கரியிலிருந்து கிளம்பும் வாயு குழாய் வழியே இன்ஜினுக்குப் போகும். வெள்ளை வேட்டியோடு ஏறியவர்கள் சாம்பல் நிற வேட்டியோடு இறங்குவார்கள். ஏற்றம் வந்தால் பாதிப் பேர் இறங்கித் தள்ளுவார்கள். யாரும் பெரிதாகக் குறை சொன்னதில்லை. பஸ் ஓடுவதே பெரிய விஷயமாக இருந்தது.

வழியில் கரி தீர்ந்தால் பீப்பாயின் மேல்மூடியைத் திறந்து கொட்ட வேண்டும். அதுதான் ஆபத்தான வேலை. உள்ளே தேங்கிய வாயு வெளிக்காற்றைத் தொட்டதும் குப்பென்று பற்றிக்கொள்ளும். எங்கள் கம்பெனியில் எனக்கு மூத்தவரான பெரிய டிரைவர்தான் அதற்கு முறை சொல்லித் தந்தார். பக்கவாட்டில் நிற்க வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை மட்டும் நீட்ட வேண்டும். மூடியை விரற்கடை அளவு தூக்கி, உள்ளே எரிந்து அடங்கியபின் முழுக்கத் திறக்க வேண்டும். நான் அப்படித்தான் திறந்தேன். அன்று காற்று என் பக்கம் திரும்பியது. அவ்வளவுதான்.

என் அக்காவின் கணவர் ரயிலடிக்குப் போகிற சாலையில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். மிஷன் தொழிற்பள்ளியில் கடைசல் வேலை படித்தவர். வேலை செய்யும்போது கோயில் பாட்டை வாய்க்குள்ளேயே முனகுவார். வேலை சிக்கலானால் பாட்டு நின்றுவிடும். முகமெல்லாம் வாழையிலை ஒட்டிக்கொண்டு நான் அக்கா வீட்டில் படுத்திருந்தபோது என் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"ஏலே, கண்ணு தெரியுதா?"

"தெரியுது அத்தான்."

"முறைப்படிதான தொறந்த?"

"முறைப்படிதான்."

மறுநாளே அவர் என் வண்டியின் பீப்பாய் மூடியைக் கழற்றி ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோய்விட்டார். பல வாரங்கள் அங்கே பாட்டுச் சத்தம் கேட்கவில்லை.

அவர் செய்து முடித்த மூடி பார்வைக்குச் சாதாரணமானது. பக்கத்தில் ஒரு நெம்புகோல். அதை இழுத்தால் உள்ளே தேங்கிய வாயு, பஸ்ஸின் கூரைக்கு மேலே நீண்டிருக்கும் குழாய் வழியாகப் போய்விடும். நெம்புகோலை முழுக்க இழுக்காதவரை மூடியின் தாழ் விடாது. டிரைவர் தூக்கக் கலக்கத்தில் இருந்தாலும், எந்தப் பக்கம் நின்றாலும், வாயு வெளியேறாமல் மூடியைத் திறக்கவே முடியாது. அதோடு அவர் நிற்கவில்லை. சாம்பல்தூள் இன்ஜினுக்குள் போய் அதை அரித்துத் தின்பதைப் பார்த்து, தேங்காய் நாரும் பனந்தும்பும் பழைய துணியுமாக அடுக்கி, அடியில் தண்ணீர் நிறுத்தி ஒரு வடிகட்டியும் செய்தார். அதில் குழாய்க்கு ஒரு துளையை இடம் தப்பிப் போட்டுவிட்டு, அதைப் போல்ட்டால் அடைத்துவிட்டு, வேறிடத்தில் துளை போட்டார். அந்த போல்ட்டைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு வெட்கமாக இருக்கும்.

"டிரைவர்தான் கவனமா இருக்கணும்னு சொல்லுததுக்கு மெசினு எதுக்குலே? கவனம் தப்பினாலும் மனுசனக் காப்பாத்தணும். அதுதான் மெசினு" என்றார். அந்த வார்த்தைகளை நான் மறக்கவில்லை. மறக்க முடியாதபடி பின்னால் அவரே செய்துவிட்டார்.

முதலாளி எங்கள் வண்டிகளுக்கெல்லாம் அத்தானின் மூடியையும் வடிகட்டியையும் மாட்டச் சொன்னார். பெரிய டிரைவர் முதன்முதலில் அந்த நெம்புகோலை இழுத்து மூடியைத் திறந்தபோது, தீ வராததை நம்பாமல் சற்றுநேரம் கையை நீட்டியபடியே நின்றார். அதன் பிறகு ஒர்க்‌ஷாப்பைக் கடக்கும்போதெல்லாம் ஹாரனை ஒரு தடவை அடித்துவிட்டுப் போவார்.

கேஸ் பிளான்ட்களைப் பரிசோதிக்கும் ஆபீஸர் ஒருவர் எங்கள் ஊருக்கு வந்தார். படித்தவர், நல்லபடியாகப் பேசுபவர். நாற்காலியைத் தவிர்த்து, ஒர்க்‌ஷாப்பில் ஒரு டயரின் மேல் உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் கழற்றிக் காட்டச் சொன்னார். "இந்த மாதிரி ஆட்கள் நம்ம நாட்டுக்கு வேணும். யுத்தம் முடிஞ்சாலும் சர்க்கார் உங்களை விடாது" என்றார். மெட்ராஸில் சோதனை செய்து அங்கீகாரம் வாங்கித் தருவதாகச் சொல்லி, அந்த போல்ட் இருந்த முதல் பிளான்ட்டை முழுசாக ரயிலேற்றிக்கொண்டு போனார். அத்தான் அன்று என்னிடம், "நாட்டுல எந்த டிரைவருக்கும் இனி ஒன்ன மாதிரி ஆகாது மக்கா" என்றார். அவர் என்னை மக்கா என்று கூப்பிட்டது அந்த ஒருமுறைதான்.

மாதங்கள் போயின. பிறகு புது உத்தரவு வந்தது. அங்கீகாரம் பெற்ற பிளான்ட்களை மட்டுமே மாட்டலாம். பட்டியலில் பட்டணத்துக் கம்பெனிகளின் பெயர்கள் இருந்தன. அத்தானின் பெயர் இல்லை. எங்கள் வண்டிகளிலிருந்து அவருடையதைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றியதும் அவர் கையாலேதான். பட்டணத்திலிருந்து வந்து இறங்கிய புதிய பிளான்ட்டை மாட்டுவதற்காகத் திறந்தபோது அவர் கை அப்படியே நின்றுவிட்டது. தேங்காய் நார், தும்பு, துணி, அடியில் தண்ணீர். பக்கத்தில் ஒன்றுக்கும் உதவாத ஒரு துளை. அதை அடைத்து ஒரு போல்ட். அவருடைய தவறைக்கூட அவர்கள் விட்டுவைக்கவில்லை.

"மூடியப் பாருலே" என்றார். மூடி பழைய மூடியாகவே இருந்தது. நெம்புகோல் இல்லை, குழாய் இல்லை.

ஏன் அதை மட்டும் விட்டார்கள் என்று எனக்கு வெகுநாள் கழித்துத்தான் விளங்கியது. சோதனையில் பார்த்தது, எத்தனை கரிக்கு வண்டி எவ்வளவு தூரம் ஓடுகிறது, இன்ஜின் எத்தனை நாள் தாங்குகிறது என்பதைத்தான். சர்க்காருக்கு வேண்டியிருந்தது பெட்ரோல் மிச்சம். வண்டி ஓட்டுகிறவனின் முகத்தைப் பற்றி அந்த உத்தரவில் ஒரு வார்த்தையும் கிடையாது. அதனால் இன்ஜினைக் காப்பாற்றும் பாதியைக் கம்பெனி எடுத்துக்கொண்டது. மனிதனைக் காப்பாற்றும் பாதி வீண் செலவு, வீண் பாரம். ஓர் உத்தரவுதான் அத்தானை அந்தக் கருவியைச் செய்ய வைத்தது. இன்னோர் உத்தரவு அதில் எது பிழைக்கலாம், எது சாகலாம் என்று முடிவு செய்தது.

ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தின்போது கரிவலம்வந்தநல்லூரில் பெரிய டிரைவர் கரி போட இறங்கினார். அங்கீகாரம் பெற்ற மூடியைத் திறந்தார். அவரைப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உயிர் பிழைத்தது. வலது கை விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயின. அருகில் நின்ற பயணிகள் இரண்டு பேருக்கும் காயம். அதனால் விசாரணை என்றார்கள்.

விசாரணைக்கு முன்னால் அந்த ஆபீஸர் மறுபடி ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். இந்த முறை உட்காரவில்லை. நான் என் வண்டிக்கு அடியில் படுத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். நான் இருப்பது அவருக்குத் தெரியும். டிரைவர்களைப் பொருட்படுத்துகிற பழக்கம் அவருக்கு இல்லை.

"பிளான்ட்டுல குறைன்னு முடிவாச்சுன்னா லிஸ்ட்டையே ரத்து பண்ணணும். மாகாணம் முழுக்க பஸ் நின்னுடும். டிரைவர் அஜாக்கிரதைன்னு விவரம் தெரிஞ்ச ஒருத்தர் சொல்லிட்டா இதோட முடிஞ்சுது. நீங்க சொல்லுங்க. அடுத்த லிஸ்ட்டுல உங்க பிளான்ட் இருக்கும். உங்க மூடியோட."

அத்தான் ஸ்பேனரைத் தகரத்தில் தட்டிக்கொண்டேயிருந்த சத்தம் கேட்டது. வண்டிக்கடியிலிருந்து எனக்கு அவர் கால்கள்தான் தெரிந்தன. ஆபீஸர் போனபிறகு நான் வெளியே வந்து அவரைப் பார்த்துச் சிரித்தேன். எப்பேர்ப்பட்ட ஆளிடம் வந்து என்ன கேட்கிறான் பார் என்கிற சிரிப்பு. அத்தான் சிரிக்கவில்லை.

பயணியர் விடுதியில் விசாரணை நடந்தது. பெரிய டிரைவர் அப்போதும் ஆஸ்பத்திரியில்தான் கிடந்தார். அத்தான் கோயிலுக்குப் போகும் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். கேட்டவர்களை நேராகப் பார்த்துச் சொன்னார்: "டிரைவர் அவசரப்பட்டிருக்காரு. கவனமாத் தொறந்திருந்தா ஒண்ணும் ஆயிருக்காது."

நான் எழுந்து நின்றேன். என் கன்னத்தைக் காட்டி ஏதோ சொல்ல வாயெடுத்தேன். உன்னைக் கேட்கவில்லை, வெளியே போ என்றார்கள். ஒரு சேவகன் வந்து என் தோளைப் பிடித்தான். நான் வெளியேறும்வரை அத்தான் என் பக்கம் திரும்பவே இல்லை. பெரிய டிரைவரின் லைசென்ஸ் போயிற்று. அஜாக்கிரதை என்பதால் முதலாளியும் கைவிட்டுவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே தூத்துக்குடியில் மகள் வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

அன்று மாலை அக்கா வாசலிலேயே அவரை நிறுத்தினாள். "எந்தம்பி மூஞ்சியப் பாத்துத்தான அந்த மூடியச் செஞ்சீக? அங்கன போயி எப்படிச் சொன்னீக?"

அத்தான் சொன்னார்: "ஒருத்தன் பேரு கெட்டாலும் நூறு பேரு மூஞ்சி தப்பும்னு நெனச்சேன்."

அவர் பொய் சொல்லவில்லை. தனக்காக மட்டும் அவர் அதைச் செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஆபீஸர் ஏமாற்றியபோது எனக்குக் கோபம்தான் வந்தது. அத்தான் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தபோது எனக்குக் காலடியில் தரை இல்லை. அந்த வாரமே வேலையை விட்டுவிட்டு மதுரைப் பக்கம் லாரி ஓட்டப் போய்விட்டேன்.

ஆபீஸர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அடுத்த பட்டியலில் அத்தானின் பிளான்ட் இருந்தது, மூடியோடு. அவர் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு வேலையைத் தொடங்கியபோது யுத்தம் முடிந்தது. கொஞ்சம் கொஞ்சமாகப் பெட்ரோல் வந்தது. பிளான்ட் மாட்ட வேண்டும் என்ற உத்தரவும் போயிற்று. நாடெங்கும் பஸ்களின் முதுகிலிருந்து பீப்பாய்களைக் கழற்றி எறிந்தார்கள். நூறு பேர் முகம் என்றாரே, அந்தச் சாட்சிக்குப் பிறகு ஒரு முகமும் அந்த மூடியால் தப்பவில்லை. மூடியை மாட்ட வண்டியில் பீப்பாயே இல்லை.

சுதந்திரம் வந்தபின் அவருக்கு மறுபடி நம்பிக்கை வந்தது என்று அக்கா எழுதியிருந்தாள். நம்மவர்கள் சர்க்கார், இனிக் கேட்பார்கள் என்று, கரிசல் காட்டுக் கிணறுகளுக்காகக் கரிவாயுவில் ஓடும் பம்பு ஒன்று செய்தாராம். பம்புக்குக் கடன் கொடுத்த சர்க்கார், அங்கீகாரம் பெற்ற கம்பெனிகளின் பம்புக்கு மட்டும்தான் கொடுத்தது. அதன்பிறகு அவர் புதிதாக எதையும் செய்யவில்லை. அந்தக் கம்பெனிப் பம்புகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார். நான் ஊருக்குத் திரும்பி டீசல் பஸ் ஓட்டத் தொடங்கியபோது அவரைப் போய்ப் பார்த்தேன். சாப்பாடு, மழை, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் பேசினோம். ஒர்க்‌ஷாப்பில் பாட்டு இல்லை.

திரும்பி வந்த சில மாதங்களில்தான் கரிவலம்வந்தநல்லூர் டீக்கடையில் பெரிய டிரைவரைக் கண்டேன். மகள் வீட்டிலிருந்து வந்துவிட்டாராம். நரைத்துப்போயிருந்தார். ஓர் இளம் லாரி டிரைவரிடம் தன் வலது கையைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். "அவசரம் மக்கா, அவசரம். எனக்குப் புத்தி இல்ல. கூட்டத்தப் பாத்துப் பதறிட்டேன். மூடியத் தொறக்கத் தெரியாம தொறந்து கையப் போக்கடிச்சேன். பக்கத்துல நின்ன ரெண்டு பேரையும் பொசுக்கிட்டேன்."

அவன் போனபிறகு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அண்ணாச்சி, நீங்க பதறுனீகளா?"

"எனக்கு அப்படித் தோணலைதான். ஆனா ஒங்க அத்தானே சொல்லிட்டாருல்லா. அவருக்குத் தெரியாத பிளான்ட்டா? அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்."

பத்து வருஷத்துக்கும் மேலாக அந்த மனிதர் அதை நம்பிக்கொண்டிருந்திருக்கிறார். தன் நினைவை நம்பாமல் அத்தானின் வார்த்தையை நம்பியிருக்கிறார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஆபீஸர் ஒர்க்‌ஷாப்பில் வந்து நின்றதை, பட்டியலை, மூடியை, நூறு பேர் முகத்தை. அவர் திட்டுவார் என்று நினைத்தேன். அழுவார் என்றுகூட நினைத்தேன்.

அவர் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து என் பஸ்ஸின் பின்பக்கம் போனார். அங்கே பீப்பாய் ஏதும் இல்லை, வெறும் தகரம்தான். அதன் முன் பக்கவாட்டில் திரும்பி நின்று, முகத்தைத் தோளுக்குப் பின்னால் திருப்பிக்கொண்டு, ஒட்டிப்போன அந்தக் கையை மெதுவாக நீட்டினார். எனக்கு அன்று சொல்லித் தந்தபடியே, அணுவளவும் பிசகாமல்.

"இப்படித்தாம்லே நின்னேன்" என்றார். "அப்பம் நான் சரியாத்தான் தொறந்திருக்கேன், என்ன?"

"சரியாத்தான் தொறந்தீக அண்ணாச்சி" என்றேன்.

அவர் கையை இறக்கவில்லை.