காய்ந்த தரை

ஜேன் ஆன்ட்டியின் காலை, நாயின் உதட்டைத் தூக்கிப் பார்ப்பதில்தான் தொடங்கும். முகம் கழுவுவதெல்லாம் அப்புறம். பின்வாசல் ஓரமாகச் சாக்கின்மேல் படுத்திருக்கும் பன்னுவின் மேலுதட்டை மெல்லத் தூக்கி, ஈறைக் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தி விடுவார். அழுத்திய இடம் வெளுத்து, உடனே ரோஜா நிறம் ஓடி வந்தால் சரி. அன்றைக்கு நிம்மதியாக டியூட்டிக்குப் போகலாம்.

மைசூர் பன்னிமண்டபத்தில் எங்கள் தெருவில் எல்லோருக்கும் ஊசி போட்டுவிட்டவர் ஜேன் ஆன்ட்டி. ஒரு நர்சிங் ஹோமில் ஸ்டாஃப் நர்ஸ். கணவர் ஸ்டானிஸ்லாஸ் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ரிட்டயரானவர். மகள் கல்யாணமாகி மங்களூர் போன பிறகு வீட்டில் இரண்டே பேர். மூன்றாவது பன்னு.

அது வந்த கதை தெருவுக்கே தெரியும். ஐயங்கார் பேக்கரி வாசலில் யாரோ போட்ட பன்னைக் கவ்விக்கொண்டு, ஆன்ட்டியின் ஸ்கூட்டிக்குப் பின்னால் வீடுவரை ஓடி வந்த குட்டி. வாசலில் பன்னைக் கீழே வைத்துவிட்டு, அதற்கப்புறம்தான் வாலை ஆட்டியதாம். அப்படிப்பட்ட நாயை யார்தான் திருப்பி அனுப்புவார்கள்!

போன மழைக்காலத்தில் அதற்கு நோய் வந்தது. படி ஏற முடியவில்லை. மூத்திரம் காபி டிகாக்‌ஷன் நிறத்தில் போனது. ஜெயலட்சுமிபுரத்தில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் ஸ்ரீதேவி ரத்தம் எடுத்துப் பார்த்தார்.

"சிஸ்டர், இவளோட உடம்பே இவளோட ரத்தத்த எதிரின்னு நெனச்சு அழிக்குது. அத அடக்கறதுக்கு ஸ்டீராய்டு குடுக்கணும். குடுத்தா என்னென்ன வரும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல."

"தெரியும் டாக்டர். பொழைக்குமா?"

"மாத்திரை கரெக்டா போனா பொழைக்கும். மாசக்கணக்குல போகணும். கொறைக்கிறது மட்டும் நான் சொல்றபடி. சாமுண்டி பெட்டா மலையில படி எறங்கற மாதிரி ஒவ்வொண்ணா எறங்கணும். மேலேர்ந்து குதிக்கக் கூடாது, நோடி, பாத்துக்கங்க."

பன்னு பிழைத்தது. ஆனால் அந்த மாத்திரையோடு வாழ்வது என்றால் என்னவென்று அந்த வீட்டில்தான் பார்க்க வேண்டும். பானை பானையாகத் தண்ணீர் குடித்தது. குடித்ததற்கு மேல் மூத்திரம் போனது. வெளியே கூட்டிப்போய் வந்த ஈரம் காய்வதற்குள் ஹாலில் இன்னொரு குளம். அதற்கே அதில் வெட்கம் வேறு. போய்விட்டு, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு டைனிங் டேபிளுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். பசியோ பேய்ப்பசி. குப்பைக்கூடை, பெருக்குமாறு, அங்கிளின் செருப்பு, எதையும் விடவில்லை. வயிறு பானையாகத் தொங்க, தொடைச் சதை கரைந்து பின்னங்கால்கள் குச்சியாகின. சும்மா படுத்திருக்கும்போதே மூச்சு இரைத்தது.

ஆன்ட்டி ஒவ்வொன்றையும் வார்டு வேலை மாதிரி எடுத்துச் செய்தார். வயிறு புண்ணாகாமல் இருக்க முதலில் ஒரு மாத்திரை, சாப்பாட்டோடு ஸ்டீராய்டு. அதை இட்லித் துண்டுக்குள் ஒளித்துவைத்து ஊட்டுவார். ஒரே வேளைச் சாப்பாட்டைப் பல வேளையாகப் பிரித்தார். நடுவில் பசித்தால் வேகவைத்த பூசணி, கேரட். தொடையில் வலு போகாமல் இருக்கத் தினமும் தெருமுனை வரை மெதுவான நடை. பழைய சாக்குகளைத் துவைத்துத் துவைத்துப் போட்டார். தரை துடைப்பது மட்டும் ஸ்டானிஸ்லாஸ் அங்கிளின் பங்கு.

"ஜேனு, இது நாயா, வாணி விலாஸ் வாட்டர் ஒர்க்ஸா?" என்பார், வாளியும் பினாயிலுமாக நின்றுகொண்டு.

"தொடைங்க, தொடைங்க. உங்க தொப்பையாவது கொறையட்டும்."

"ஒர்க்‌ஷாப்ல ஆயில் தொடைச்சு முடிச்சிட்டு வந்தேன். இப்ப இது. ஏன், ராத்திரிக்குத் தண்ணிக் கிண்ணத்த எடுத்து வெச்சுட்டா என்ன?"

"தண்ணிய மட்டும் தொடாதீங்க, சொல்லிட்டேன். அது குடிக்கிறதால போகல. போறதால குடிக்குது. தண்ணி இல்லேன்னா செத்துப்போயிரும்."

அங்கிள் முணுமுணுத்தாலும் துடைப்பார். மாதங்கள் போனதில் டாக்டர் மாத்திரையைக் கொஞ்சம் குறைத்தார், ரத்தம் பார்த்து இன்னும் கொஞ்சம் குறைத்தார். பாதிப் படி இறங்கியாகிவிட்டது என்று ஆன்ட்டி தெருவெல்லாம் சொன்னார்.

அப்போது அக்டோபர் வந்தது.

அக்டோபர் ஜெபமாலை மாதம். எங்கள் அன்பியத்தில், அதாவது கோவிலைச் சேர்ந்த பத்திருபது குடும்பங்களின் குழுவில், மாதா சுரூபத்தை வீடு வீடாக எடுத்துப் போவோம். ஒரு வீட்டில் ஒரு நாள் இருப்பார். எல்லோரும் அங்கே கூடி முழந்தாளிட்டு ஜெபமாலை சொல்வோம். மறுநாள் அடுத்த வீடு. மாதா வருகிற அன்றைக்குத் தெருவிலேயே அழகான வீடு ஸ்டானிஸ்லாஸ் அங்கிளுடையதுதான். தெர்மகோலில் குகை மாதிரி கெபி செய்து, தகடு வெட்டி, சீரியல் லைட் போட்டு, ஒரு குட்டி நீரூற்றுகூட ஓடவிடுவார். ஒர்க்‌ஷாப்பை விட்டு வந்த மனிதருக்கு வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் நாலு பேர் கைகொடுத்துப் பாராட்டுகிற நாள்.

அன்பியத் தலைவி ஜெசிகா முறை சொல்ல வந்தவள், ஹாலில் கால் வைத்ததுமே முந்தானையை மூக்கருகே கொண்டுபோனாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க ஜேன் சிஸ்டர். போன மாசம் இங்க ஜெபம் நடந்தப்ப முட்டி போட்ட எடத்துல நம்ம அன்பியத்து கிளைவோட அம்மாவுக்குப் பொடவ நனைஞ்சிருச்சாம். இந்தத் தரையில மாதாவ எப்படி எறக்கறது, சொல்லுங்க? இந்த வருஷம் மட்டும் உங்க வீட்ட விட்டுட்டு அடுத்த வீட்டுக்குப் போயிக்கலாமான்னு எல்லாரும் கேக்கறாங்க."

"தாராளமா போயிக்கங்க," என்றார் ஆன்ட்டி. "மாதா மாட்டுக் கொட்டாயில பிள்ள பெத்தவங்க. நாய் மூத்திரத்துக்கு மூக்கப் பொத்திக்கறவங்க அவங்க இல்ல."

"ஐயோ சிஸ்டர், அப்படியெல்லாம் பேசாதீங்க!"

அங்கிள் எழுந்தே விட்டார். "ஜேனு, நீ சும்மா இரு. ஜெசிகா, கல்யாணமான வருஷத்துலேர்ந்து மாதா இந்த வீட்டுக்கு வராம இருந்ததில்ல. தரை காஞ்சிருக்கும். முட்டி போட்டுப் பாத்துக்கங்க. நான் கேரண்டி."

அந்தச் சமயம் ஊரெல்லாம் டெங்கு. நர்சிங் ஹோமில் படுக்கை போதாமல் வராந்தாவில் கட்டில் போட்டிருந்தார்கள். ஆன்ட்டிக்கு டபுள் டியூட்டி. காலை இட்லியும் மாத்திரையும் அங்கிள் பொறுப்பானது. "நான் குடுத்துக்கறேன், நீ போ," என்றார். முணுமுணுப்பே இல்லை.

மூன்றாம் நாளோ என்னவோ, தரை காய்ந்தது.

ஆன்ட்டிக்கு நம்பவே முடியவில்லை. வேலை முடிந்து வந்து ஹாலில் வெறுங்காலோடு நடந்து பார்த்தாராம். கிண்ணத்தில் தண்ணீர் அப்படியே இருந்தது. சாக்கு உலர்ந்திருந்தது. பன்னு குப்பைக்கூடைப் பக்கம் போகவில்லை.

"மாதா வர்றாங்கன்னு இதுக்கும் தெரிஞ்சிருக்கு போல," என்றார் அங்கிள், சீரியல் லைட்டைப் பிரித்துக்கொண்டே.

ஆன்ட்டி அழுதுவிட்டார். மாத்திரை குறைந்ததால் உடம்பு பழகிவிட்டது, இனிமேல் கஷ்டம் தீர்ந்தது என்றுதான் நினைத்தார். வார்டில் எல்லோருக்கும் சொன்னார். சாயங்காலம் இட்லியை நீட்டினால் பன்னு மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்தது. "பசி அடங்கிருச்சு பாத்தீங்களா," என்று அதையும் சந்தோஷமாகவே சொன்னார்.

அந்த வாரம் அவர் ஈறைப் பார்க்கவில்லை. கிளம்பும்போது இருட்டு, திரும்பும்போது இருட்டு. விளக்கைப் போட்டுத் தூங்குகிற நாயை எழுப்ப மனம் வரவில்லை. நாள் முழுக்க ஊரார் ரத்தத்தில் தட்டணு எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருந்தவர்! இதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மாதா அவர்கள் வீட்டுக்கு வரும் நாள் தசரா ஊர்வலத்தன்று விழுந்தது. யானைகள் வந்து முடிவது எங்கள் பன்னிமண்டபத்தில்தான் என்பதால் சாயங்காலம் தெருவில் கால் வைக்க முடியாது. அதனால் மதியமே சுரூபத்தைக் கொண்டுவந்துவிட்டார்கள். ஆன்ட்டி லீவு போட்டிருந்தார். கெபியில் நீரூற்று ஓடியது. ஜெசிகா முழந்தாளிடும் முன் உள்ளங்கையால் தரையைத் தடவிப் பார்த்தாள்.

"பரவால்லியே ஸ்டானிஸ் அண்ணா, மார்பிள் மாதிரி இருக்கு!"

அங்கிள் முகம் மலர்ந்தது. ஜெபமாலையைத் தொடங்கினார்.

பாதியில், மெழுகுவர்த்தி எடுக்க உள்ளே போன ஆன்ட்டியைப் பார்த்துப் பன்னு எழுந்திருக்க முயன்றது. பின்னங்கால்கள் எழவில்லை. அப்படியே சரிந்தது. படுத்த இடத்திலேயே மூத்திரம் போனது. டிகாக்‌ஷன் நிறம். ஆன்ட்டி உட்கார்ந்து உதட்டைத் தூக்கினார். ஈறு, கையிலிருந்த மெழுகுவர்த்தியைப் போல இருந்தது.

"ஏங்க!"

ஹாலில் ஜெபம் நிற்கவில்லை. அங்கிள் குரல் இன்னும் சத்தமானது.

"ஏங்க, இங்க வாங்க! பன்னு போகுதுங்க!"

அப்போதுதான் வந்தார். வந்தவர் முதலில் நாயைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். பிறகு பன்னுவைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

ஆட்டோ கிடையாது. தெருவெல்லாம் தடுப்பு. ஊரே பன்னிமண்டபத்தை நோக்கி வர, இவர்கள் இரண்டு பேரும் எதிர்ப்பக்கமாகப் போனார்கள். தடுப்பில் நின்ற போலீஸ்காரர், நாயும் தசரா பார்க்க வந்துவிட்டதா என்று கன்னடத்தில் கேட்டுச் சிரித்தார். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். கூட்டத்தைத் தாண்டி ஒரு ஆட்டோ பிடித்து ஜெயலட்சுமிபுரம் போய்ச் சேர்வதற்குள் பன்னுவின் நாக்கும் வெளுத்திருந்தது.

டாக்டர் ஸ்ரீதேவி ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு ஆன்ட்டியிடம் திரும்பினார்.

"சிஸ்டர், இப்ப ஒண்ணு கேக்கறேன், சரியா சொல்லுங்க. மாத்திரை ஏதாவது விட்டுப்போச்சா?"

"ஒரு வேளகூட இல்ல டாக்டர்." நர்ஸின் ரோஷத்தோடுதான் சொன்னார். "டெங்கு வார்டுல இருந்தாலும் இவரு கரெக்டா குடுத்துட்டாரு."

"அப்படின்னா மருந்து வேல செய்யல. வேற மருந்துக்குப் போகணும். அது இத விடக் கடுமையானது. இந்த நெலமையில தாங்குமான்னு தெரியல." டாக்டர் அலமாரிப் பக்கம் போனார்.

"டாக்டர்," என்றார் அங்கிள்.

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

"குடுக்கல."

"எதக் குடுக்கல?"

"மாத்திரை. ஜெசிகா வந்துட்டுப் போனதுலேர்ந்து குடுக்கல. வெறும் இட்லிதான். மாதா போனதும் மறுபடி ஆரம்பிச்சிரலாம்னு..." அவர் கை பன்னுவின் முதுகிலேயே இருந்தது. "நான் வெள்ளிக்கெழம உபவாசத்துக்கு பிபி மாத்திரைய விடறேன். எனக்கு ஒண்ணும் ஆனதில்ல. அதான் நெனச்சேன்."

டாக்டர் வேறு ஊசியை எடுத்தார். மாதக்கணக்காக ஸ்டீராய்டு வெளியிலிருந்து போனதால் அந்த உடம்பு அதைத் தானாகச் சுரப்பதையே மறந்திருந்தது. திடீரென்று நிறுத்தியதில் அதுவும் இல்லை, இதுவும் இல்லை. அடங்கியிருந்த நோயும் எழுந்துவிட்டது என்று சுருக்கமாகச் சொன்னார். நர்ஸுக்குச் சொல்லத் தேவையில்லாத விஷயம். தன் வார்டில் இதையே எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார் ஆன்ட்டி.

"ஊசி போடுங்க டாக்டர்," என்று மட்டும் சொன்னார். அங்கிளின் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

மறுநாள் காலையில் டிரிப் ஏறிக்கொண்டிருக்கும்போதே பன்னு போய்விட்டது.

சாயங்காலம் மாதாவை அடுத்த வீட்டுக்கு அழைத்துப் போக எல்லோரும் வந்தார்கள். வீட்டுக்கு மாதா வந்த நேரத்தில் போயிருக்கிறது, கொடுத்துவைத்த ஜீவன் என்றார் ஒருவர். ஜெசிகா ஆன்ட்டியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மனசத் தேத்திக்கங்க சிஸ்டர். ஆனா ஒண்ணு சொல்றேன், இந்த வருஷம் உங்க வீடு மாதிரி சுத்தம் எந்த வீட்லயும் இல்ல."

"ஆமா ஜெசிகா," என்றார் ஆன்ட்டி, கையை விடுவித்துக்கொண்டு. "இனிமேலும் அப்படித்தான் இருக்கும்."

சுரூபத்தோடு அவர் போகவில்லை. அங்கிளும் போகவில்லை. கெபியில் நீரூற்று யாரும் நிறுத்தாமல் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் விடிந்ததும், பழக்க தோஷத்தில், அங்கிள் வாளியில் தண்ணீர் பிடித்து, பினாயில் ஊற்றி, துடைக்கும் துணியோடு ஹாலுக்கு வந்துவிட்டார். வந்த பிறகுதான் நினைவு வந்திருக்கிறது. அப்படியே நின்றார். பின்வாசல் ஓரத்தில் சாக்கு இன்னும் கிடந்தது. ஆன்ட்டி அதன் பக்கத்தில் உட்கார்ந்து டியூட்டிக்கு ஷூ மாட்டிக்கொண்டிருந்தார்.

"ஜேனு..."

"தொடைங்க."

"காஞ்சிதான் இருக்கு ஜேனு."

"நீங்க கேட்ட தரைதானே. தொடைங்க."

அவர் குனிந்து துடைக்க ஆரம்பித்தார். ஹால் முழுக்க, டேபிளுக்கு அடியில், பின்வாசல் வரை. சாக்கு இருந்த இடம் வந்ததும் அதைச் சுற்றித் துடைத்தார். ஆன்ட்டி ஈரத்தின்மேல் ஷூ பதிய நடந்து, ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போய்விட்டார்.