அம்மாவின் இட்லியும் மலையோடைத் தண்ணீரும்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பெரும்பாலோர் எங்கள் அம்மா சுட்ட இட்லியைச் சாப்பிட்டவர்கள். சிலர் திட்டும் வாங்கியிருப்பீர்கள். அம்மா மறைந்து ஓராண்டாகியும் அந்தக் குரல் காதை விட்டுப் போகவில்லை.

அம்மா பிறந்தது கீழ்பென்னாத்தூர் பக்கம், விவசாயக் குடும்பத்தில். கூடப் பிறந்தவர் ஒரே தம்பி, எங்கள் மாமா. திருவண்ணாமலைக்கு வாழ்க்கைப்பட்டு வந்த அம்மா, அப்பா இளவயதிலேயே காலமாகிவிட, கிரிவலப் பாதையில் இட்லிக் கடை போட்டு அண்ணனையும் என்னையும் வளர்த்தார்கள். எங்கள் பக்கத்துக் கிணறுகளெல்லாம் உப்பு. மலையிலிருந்து இறங்கும் ஓடைத் தண்ணீரில்தான் மாவு அரைப்பார்கள். கோடையில் அதே ஓடை மணலில் ஊற்றுத் தோண்டுவோம். இட்லி தும்பைப்பூவாக இருக்கும்.

எழுபதுகளில் ஒரு மழைக்காலத்தில் இட்லி பழுப்பாக வந்தது. அம்மா நேரே அரிசிக் கடைக்குப் போய்ச் சண்டை பிடித்தார்கள். பாவம், கடைக்காரர் மூட்டையை மாற்றிக் கொடுத்தார். மறுநாளும் பழுப்புதான். பிறகுதான் குடத்தின் அடியில் செம்மண் படிந்திருப்பதைப் பார்த்தோம். தேற்றாங்கொட்டையைக் குடத்துக்குள் உரசினால் கலங்கல் அடங்கும். உரசினார்கள், மழை வலுத்ததும் அதற்கும் அடங்கவில்லை. சாப்பிட வந்தவர்கள் அடுத்த கடைக்கு நகர்ந்தார்கள். கடை நின்றால் எங்கள் படிப்பும் அதோடு சரி.

அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு ஓடையோரமாகவே மேலே நடந்தார்கள். புல்லும் முள்ளும் மண்டிக் கிடந்த சரிவு துடைத்துவிட்டது போல் இருந்தது. ஓடை விளிம்புவரை உழுது வேர்க்கடலை, எங்கள் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டை, போட்டிருந்தார்கள். உழுதவர் வேறு யாருமில்லை, அந்த வருடம் அந்த நிலத்தை வாங்கிய எங்கள் மாமாதான்.

மறுநாள் அம்மா தட்டில் இட்லி வைத்து மாமாவிடம் நீட்டினார்கள்.

"இன்னாக்கா, இட்லி இந்த நெறத்துல இருக்குது?"

"உன் நெலம்தான்டா. தின்னு பாரு. ஓடக் கரைய உழாம வுடுடா."

மாமாவுக்குச் சுருக்கென்றது. "கரைய வுட்டா மல்லாட்ட கம்மியாயிடும். உன் கடைக்காக நான் நஷ்டப்படணுமா?"

"உன் மண்ணுதானேடா ஓடையில போவுது? அது நஷ்டமில்லயா?"

மாமா விருட்டென்று எழுந்து போய்விட்டார். அந்தப் பொங்கலுக்கு அவர் வீட்டுச் சீர் வரவில்லை. கடை படுத்தபோது கலங்காத அம்மா அன்றைக்கு அழுதார்கள்.

அப்புறம் அம்மாதான் இறங்கிப் போனார்கள். "கரையில புல்லு வுடு. மாடு வாங்கிக் கட்டு. நான் கடையில டீயும் போடறேன், பால் மொத்தம் நானே எடுத்துக்கறேன்." மேல்மண் அரித்துப் போவதை மாமாவும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். ஓடையை ஒட்டி ஏர் போகாமல் அகலமாக இடம் விட்டார். புல் தானாக வந்தது. புங்கங்கன்றுகளை அம்மா நட்டார்கள். தண்ணீர் ஒரே மழையில் தெளிந்துவிடவில்லை. அடுத்த வருடம் கலங்கல் குறைந்தது. அதற்குப் பிறகு தேற்றாங்கொட்டை அடுப்படி மூலையில் சும்மா கிடந்தது. பக்கத்து நிலக்காரர்களும் மாட்டுத் தீவனத்துக்கென்று கரையை விட்டார்கள். எதற்கென்று விட்டால் என்ன, தண்ணீர் தெளிந்தது. போனவர்கள் கடைக்குத் திரும்பி வந்தார்கள். அண்ணன் மெக்கானிக் ஆனதும் நான் ஆசிரியை ஆனதும் அந்தக் கடையால்தான்.

கடைசி நாள்களில் அம்மாவைப் பார்த்துக்கொண்ட மருத்துவருக்கும், கஞ்சி வைத்துக் கொடுத்த அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் நன்றி. அரிசிக் கடைக்காரருக்கு நன்றியோடு, அம்மா சார்பில் ஒரு மன்னிப்பும்.

மாமாவைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். அம்மா போன அன்று விடியும்வரை நல்ல மழை. அம்மாவைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்க மாமாவே குடத்தோடு ஓடைக்குக் கிளம்பினார். "இந்த மழையில கலங்கலாத்தான் இருக்கும் மாமா, கொழாயில புடிச்சிக்கலாம்" என்றேன். கேட்காமல் போனவர், திரும்பி வந்து குடத்தை அம்மாவின் பக்கத்தில் இறக்கினார். எட்டிப் பார்த்தேன். குடத்தின் அடி தெரிந்தது.

"பாத்துக்கக்கா," என்றார் மாமா.