சித்தியின் பன்னிரண்டு நிமிடம்

சித்தி வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் எப்போதும் வெள்ளையாக ஒரு மழைக்காலம். ஆவி கூரைவரை போய், துளியாகி, மடிக்கும் மேசைமேல் சொட்டும். பல ஊர் சுற்றிவிட்டு வந்து சித்தி வீட்டில் சும்மா இருந்த நானும் சில வாரம் அங்கே துணி மடிக்கப் போனேன்.

சித்தி துணி காயவைக்கும் மெஷின் வேலையில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறாள். அதன் வட்டக் கண்ணாடி முன்னால் நின்றுவிட்டால், கூப்பிட்டாலும் காதில் விழாது.

"உங்க சித்தி நின்னுக்கிட்டே தூங்குற ரகம்" என்றாள் பக்கத்து மேசைக்காரி. ஓயாமல் பேசுவதால் அவளுக்கு ரேடியோ என்று பெயர்.

சித்தி தூங்கவில்லை, பார்த்துக்கொண்டிருந்தாள். பெரிய போர்வை உறைகள் சுழலும்போது வாய் திறக்கும். சின்னத் தலையணை உறைகள் ஒவ்வொன்றாக, அந்தியில் கூடு திரும்பும் பறவைகள்போல, உள்ளே போய் அடையும். உள்ளே போனவை காயாது. அவற்றை உருவி உதறுவது ரேடியோவின் வேலை. ஈரத்தை மட்டும் மறுபடி போட்டால் பன்னிரண்டு நிமிடம் ஓடும். அப்போது சித்திக்கு வேறு வேலை கிடையாது.

"வீட்டுல ஆறு பேரு, இங்க இருபது பேரு. அந்தப் பன்னிரண்டு நிமிஷந்தாண்டி என்னோடது. நீ டிக்கெட் வாங்கிப் போய்ப் பாத்த கடலெல்லாம் நான் நின்ன எடத்துலயே பாத்துட்டேன்" என்றாள் என்னிடம்.

அந்தச் சமயத்தில் புது மேலாளர் வந்தார். செவ்வாய்தோறும் எல்லோரையும் வட்டமாக நிறுத்தி, "வேலையில என்ன தொல்லை, எப்படி மாத்தலாம்? நீங்கதான் சொல்லணும்" என்பார். முதல் வாரம் யாரும் வாய் திறக்கவில்லை. அடுத்த வாரம் ரேடியோ ஃபேன் கேட்டாள், வந்துவிட்டது. அப்புறம் ஆளுக்கொரு யோசனை. சித்தி மட்டும் தரையைப் பார்த்தபடி நின்றாள். போர்வை உறையின் வாயிலுள்ள நாடாக்களை முடிச்சுப் போட்டுத் துவைத்தால் எதுவும் உள்ளே போகாது என்று அவளுக்குப் பல வருடமாகத் தெரியும். என்னிடம் ஒருநாள் சொல்லிவிட்டு, "மூச்சு விட்ட, தொலைச்சுருவேன்" என்றாள்.

அதற்குப் பின் ஒரு காலையில் ரேடியோ மணிக்கட்டில் கட்டுடன் வந்தாள். ஈர உறைகளை உருவி உருவி வீங்கிவிட்டது. "வேற வேலை பாருன்னு டாக்டர் சுலபமா சொல்லிட்டாரு. யாரு வச்சிருக்கா எனக்கு?" என்று சிரித்தாள். இடது கையால் உருவிப் பார்த்தாள், முடியவில்லை. அன்று சித்தி கண்ணாடிப் பக்கம் திரும்பவே இல்லை.

அடுத்த செவ்வாய் சித்தி மெல்லச் சொன்னாள்: "நாடாவ முடிஞ்சு போட்டா உள்ள போகாது சார். உருவவும் வேணாம்."

உடனே செய்து பார்த்தார்கள். ஒன்றுகூட உள்ளே அடையவில்லை. எல்லாம் ஒரே ஓட்டத்தில் காய்ந்துவிட்டன.

"அடடே, லோடுக்குப் பன்னிரண்டு நிமிஷம் மிச்சம்! கூடுதலா எத்தனை லோடு போடலாம்!" என்றார் மேலாளர்.

சித்தியின் முகம் விளக்கணைந்த ஜன்னலானது.

"போடுங்க சார், போடுங்க. அடுத்த செவ்வாய் எவ வாயைத் தொறக்கறான்னு பாப்போம்" என்றாள் ரேடியோ.

எல்லோரும் சிரித்தார்கள். மேலாளர் மட்டும் சிரிக்கவில்லை. "என்னம்மா சொல்றீங்க?"

"வழி சொன்னவளுக்கு இன்னும் வேலைதான் கெடைக்கும்னா, தெரிஞ்சவகூடத் தெரியாத மாதிரிதான சார் இருப்பா?"

அவர் வெகுநேரம் பேனாவை மூடித் திறந்தார். "சரி. காலைல மிச்சமாறது ஆஸ்பத்திரிக்கு. மத்தியானம் மிச்சமாறது உங்களுக்கு."

மறுநாள் மதியம் மெஷின் ஓய்ந்து, சுழல ஒன்றும் இல்லாமல் கிடந்தது. சித்தி சற்றுத் தடுமாறினாள். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு அந்த இருட்டு வட்டத்தின் முன் உட்கார்ந்தாள். ரேடியோவும் ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"உள்ள ஒண்ணுமே இல்லையேக்கா. என்னத்தப் பாக்குறீங்க?"

"கொஞ்சம் பொறுடி."

ரேடியோ கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு பொறுத்தாள். என் மேசையில் நாலு உறை பாக்கி இருந்தது. சத்தமில்லாமல் மடித்தேன்.