நான் தரம் பிரித்த நட்சத்திரப் படங்கள்

என் மருமகள் சுரண்டைக்காரி. புனே பக்கம் வயல்காட்டுக்கு நடுவே பெரிய பெரிய கிண்ணங்களை வானத்தைப் பார்க்க நிறுத்தியிருக்கிறார்களாம். அவை பிடிக்கிற ரேடியோ அலைகளை வைத்து நட்சத்திரங்களை ஆராய்கிறவள். போன சீசனில் பத்து நாள் லீவில் குத்துக்கல்வலசை வீட்டுக்கு வந்தாள். மகனுக்கு லீவு கிடைக்கவில்லை. பக்கத்தில் குற்றாலத்தில் தண்ணீர் கொட்டுகிறது, இவள் ஒரு நாள்கூடக் குளிக்கப் போகவில்லை. கம்ப்யூட்டரையே வெறித்துக்கொண்டிருந்தாள். சோறும் இறங்கவில்லை.

“ஏட்டி, யாரும் உன்னை ஏசிட்டாங்களா?” என்று கேட்டேன்.

அப்புறம்தான் சொன்னாள். புதிதாகப் பிறந்த பெரிய நட்சத்திரம் ஒன்று. அதன் வெளிச்சம் பட்டு, சுற்றியுள்ள வாயு மின்னேறிக் கிடக்கிறது. அந்த வாயுத் திட்டு சில வருஷத்திலேயே சுருங்கிவிட்டது என்று இவள் ஆராய்ச்சிப் பத்திரிகைக்குக் கட்டுரை எழுதி அனுப்பியிருக்கிறாள். அங்கே படித்துப் பார்த்தவர்கள் நம்பவில்லை. கருவிதான் வருஷத்துக்கு ஒரு விதமாகக் காட்டியிருக்கும் என்கிறார்கள். சரியான பதில் அனுப்பாவிட்டால் மூன்று வருஷ உழைப்பு வீண்.

“கணக்கெல்லாம் போட்டுட்டேன் அத்தே. ஆனா அது சுருங்கியிருக்கணும்னு எனக்கே ஆசையா இருக்கு. அதான் என்னை நானே நம்ப முடியலை. இதைப் பத்தி ஒண்ணும் தெரியாத ஆள் பார்த்துச் சொல்லணும்.”

“ஒண்ணும் தெரியாத ஆளுன்னு என்னையவா சொல்லுதே?”

எனக்குச் சுருக்கென்றது. மெயினருவிக்குப் போகிற வழியில் நாற்பது வருஷம் மங்குஸ்தான் பழம் விற்றவள் நான். பெரிசு, நடுத்தரம், பொடிசு என்று பார்வையிலேயே பிரித்துக் குவிப்பேன். வாங்க வந்தவர்கள் குறை சொன்னதில்லை. படிப்புதான் மூன்றாம் வகுப்போடு நின்றது.

அவள் சிரித்துவிட்டாள். “கோவிக்காதீங்க அத்தே. அந்தப் பார்வைதான் வேணும்.”

மறுநாள் தென்காசிக்குப் போய்ப் படங்களை அச்செடுத்து வந்தாள். கறுப்புத் தாளில் வெள்ளைத் திட்டு. மூன்று கட்டு, கட்டுக்கு எட்டுப் படம். ஒரு கட்டில் இருப்பதெல்லாம் ஒரே திட்டு, வேறு வேறு வருஷத்தில் எடுத்தது. ஒன்றுதான் அவளுடைய நட்சத்திரம். மற்ற இரண்டும் அதன் அக்கம்பக்கத்துப் பழைய திட்டுகள். அவை மாறக் கூடாது. மாறினால் கருவியில்தான் கோளாறு. எந்தக் கட்டு எது என்று மட்டும் சொல்லவில்லை. வருஷத்தைப் பின்பக்கம் எழுதி மறைத்திருந்தாள்.

“உனக்கு எப்படி வரணும்னு சொல்லு, அப்படியே வைக்குதேன்.”

“நல்லாச் சொன்னீங்க! அதைச் சொன்னா காரியமே கெட்டுச்சு” என்று அடுப்படிக்குள் போய்விட்டாள்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தரையில் பரப்பினேன். முதல் கட்டு எட்டும் ஒரே குவியல். இரண்டாவதில் ஏழு ஒன்றாகச் சேர்ந்தது. ஒன்று மட்டும் பொடிசாகத் தெரிந்தது. எடுத்து எடுத்துப் பார்த்தேன். இது மாறக் கூடாத கட்டாக இருந்து பிள்ளைக்குக் கேடாகிவிடுமோ என்று அதையும் ஏழோடு சேர்க்கக் கை போயிற்று. மனசு வரவில்லை. தனியாகவே வைத்தேன். மூன்றாவது கட்டு மூன்று குவியலாகப் பிரிந்தது.

அவள் வந்து ஒவ்வொன்றாகத் திருப்பினாள். மூன்றாவதுதான் அவளுடையது. முன்வருஷங்களில் பெரிசு, அப்புறம் நடுத்தரம், பொடிசு, கடைசிப் படத்தில் திரும்பவும் பெரிசு. தனியாகக் கிடந்த அந்த ஒன்றைப் பார்த்ததும் முகம் வாடியது. நோட்டை எடுத்துப் புரட்டினாள்.

“அத்தே! அன்னைக்குப் பதிவுல இந்தத் திட்டு இருக்கிற ஓரம் மட்டும் சரியில்லை. நானே எழுதி வச்சிட்டு மறந்திருக்கேன். அதையும் பிடிச்சிட்டீங்களே!”

“அப்போ உன் நட்சத்திரம் சாகுதாட்டி?”

“இல்லை, வளருது. வெளியில இருந்து வாயுவை அள்ளித் திங்கிது. திங்கும்போது உள்ளே விழுற வாயு வெளிச்சத்தை மறிச்சிடும், திட்டு சுருங்கும். தீனி குறைஞ்சா திரும்ப விரியும்.”

அன்று மத்தியானம் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். சாயங்காலம் இரண்டு பேரும் ஐந்தருவிக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தோம்.

ஐப்பசியில் போன் வந்தது. “ஏத்துக்கிட்டாங்க அத்தே!”

எத்தனையோ படித்தவர்கள் இருக்க, அந்தப் பிள்ளை தன் உழைப்பை என் முன்னால் பரப்பி வைத்தாள். அவளுக்கு நான் நன்றி சொன்னதில்லை. இங்கே எழுதி வைக்கிறேன்.

“இன்னொரு நட்சத்திரம் இருக்கு. படம் அனுப்பட்டுமா?” என்றாள்.

“அனுப்பு. ஆனா சீக்கிரம் சீக்கிரம்னு என்னை நெருக்கக் கூடாது.”